ஓசூர் பேருந்தில் பாட்காஸ்ட் கேட்க விரும்புவோருக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் சென்று திரும்புவோருக்குப் போக வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பேருந்திலேயே கழிகிறது. அந்த நேரத்தைக் குறுங்காணொளிகளிடமிருந்து மீட்டுப் பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலி நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் செயலியைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூடியூப் செயலியில் சந்தா இல்லாமல் கேட்டால் திரையை அணைத்ததும் ஒலியும் நின்றுவிடும். திரை எரிந்துகொண்டிருந்தாலோ விரல் தானாகவே அடுத்த காணொளியைத் தள்ளும். ஆகவே, ஒலிக்கென்றே உள்ள செயலிதான் நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஆன்டெனாபாட் இலவசமாகவும் அதற்கென விளம்பரம் இல்லாமலும் கிடைக்கிறது; ஸ்பாட்டிஃபையில் இலவசக் கணக்கிலேயே பாட்காஸ்டுகளைத் தரவிறக்கிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், நீங்கள் பின்தொடரும் நிகழ்ச்சிகளின் பட்டியலை ஓபிஎம்எல் (பிற செயலிகளும் படிக்கக்கூடிய பட்டியல் வடிவம்) கோப்பாகச் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டபோது, பட்டியலை வேறு செயலிக்குக் கொண்டுசெல்ல அந்தக் கோப்புதான் உதவியது.

அடுத்தது தரவிறக்கம். 128 கேபிபிஎஸ் ஒலித் தரத்தில் பதிவான ஒரு மணி நேர நிகழ்ச்சி சுமார் 58 எம்பி இடம் பிடிக்கும். வீட்டில் வைஃபை இருந்தால் இரவே இறக்கிவைத்து, 'வைஃபையில் மட்டும்' என்ற அமைப்பையும், கேட்டு முடித்ததும் தானே அழிந்துவிடும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். அஞ்செட்டிப் பக்கம் காட்டு வழியில் செல்வோருக்கு இது கட்டாயம். அங்கே சிக்னலை நம்ப முடியாது.

தொடக்கத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் போதும். நண்பர்கள் கூடிச் சிரிப்பதிலேயே முதல் பத்து நிமிடம் போய்விடும் நிகழ்ச்சிகளைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விளம்பரத்தில்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. பல பாட்காஸ்டுகளில் தொகுப்பாளரே தம் குரலில் விளம்பரத்தை வாசிப்பதால், வாரக்கணக்காகக் காதருகே பேசிவந்த அந்தக் குரல் பரிந்துரைக்கும் முதலீடும் சத்துமாத்திரையும் தெரிந்தவர் ஒருவர் சொல்லும் யோசனையாகவே நம் மனத்தில் பதிந்துவிடுகின்றன. பணம், உடல்நலம் பற்றிய பேச்சு வந்தால், அந்தப் பகுதிக்கு விளம்பரதாரர் யார் என்பதை நிகழ்ச்சிக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காக வானொலியைக் கைவிட வேண்டியதில்லை. கேட்கும் நேரத்தை நாமே வைத்துக்கொள்வதுதான் பாட்காஸ்டின் வசதி. அன்றன்றைய செய்திக்கு அது உதவாததற்கும் அதுவே காரணம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் மதகுகள் திறக்கப்படுவதையோ, ராயக்கோட்டையில் இன்று தக்காளி என்ன விலைக்குப் போனது என்பதையோ போன வாரம் பதிவான நிகழ்ச்சி சொல்லாது. அதற்குத் தருமபுரி பண்பலையும் நாளிதழும் இருக்கட்டும்.

இரவுப் பணி முடித்துத் திரும்புவோர் ஸ்லீப் டைமரை (குறித்த நேரத்தில் ஒலியைத் தானே நிறுத்தும் வசதி) இருபது நிமிடத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது; சூளகிரிக்கு முன்பே கண்ணயர்ந்துவிட்டாலும், விட்ட இடத்தைத் தேட மறுநாள் வெகுதூரம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்காது.