மாங்கன்று விலைப்பட்டியல்: எக்ஸ்எம்எல்லிலிருந்து அச்சுக்கு

சந்தூர்ப் பக்கத்து நர்சரிக்கு மாங்கன்றுப் பட்டியல் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அல்போன்சா, மல்கோவா, நீலம், பெங்களூரா என ரகமும் விலையும் எக்ஸ்எம்எல்லில் (ஒவ்வொரு தகவலையும் ‘டேக்’ எனும் பெயர்க்குறிக்குள் வைக்கும் கோப்பு வகை) வந்திருக்கும். ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்து ஒட்டுவது வீண் வேலை; பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குள் மொத்தமாக இம்போர்ட் செய்துவிடலாம்.

முதலில் கோப்பு யூனிகோடில், யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் மற்றது. உரையில் வெறும் & குறி ஒன்று இருந்தாலும் இம்போர்ட் பாதியில் நின்றுவிடும்.

இன்டிசைனில் ஒரே ஒரு ரகத்துக்கு மாதிரி செய்யுங்கள்: பெயர், டேப், விலை, கடைசியில் என்டர். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் டேகைப் போட்டு, ரகம் முழுவதையும் சுற்றி ஒரு வெளி டேக். என்டர் அந்த வெளி டேகுக்கு உள்ளே, விலை டேகுக்கு வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் மல்கோவாவின் விலையும் நீலத்தின் பெயரும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இம்போர்ட் செய்யும்போது ‘மெர்ஜ் கன்டென்ட்’டைத் தேர்ந்தெடுங்கள். அதில் ‘குளோன் ரிப்பீட்டிங் டெக்ஸ்ட் எலிமென்ட்ஸ்’ டிக் இருந்தால் மாதிரி எல்லா ரகத்துக்கும் பெருகும். வெற்றிடம் மட்டுமுள்ள எலிமென்ட்டுகளைத் தவிர்க்கும் டிக்கும் வேண்டும். டேகுக்கும் ஸ்டைலுக்கும் (சேமித்து வைத்த எழுத்து அமைப்பு) ஒரே பெயர் வைத்தால் ‘மேப் பை நேம்’ ஒரே சொடுக்கில் பொருத்திவிடும்.

‘கொ’ என்பதில் கொம்பு இடம் மாறி நின்றால் ஃபான்டைத் திட்டாதீர்கள். பாராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷனில், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசரை ‘வேர்ல்டு-ரெடி’க்கு மாற்றுங்கள்.

பிடிஎஃப் எடுக்கும்போது பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் ஓரம்) 3 மி.மீ.