491 விசாவுக்கு முதலில் வாங்க வேண்டியது வேலைக் கடிதம்

பெங்களூரில் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஆஸ்திரேலியா பேச்சை எடுத்தால், முதல் கேள்வியே "உனக்கு எத்தனை பாயிண்ட்ஸ் வருது?" என்பதுதான். அந்தக் கணக்கை அப்புறம் போடலாம், முதலில் பழைய கம்பெனிகளிடம் வேலைக் கடிதம் வாங்குங்கள். என் தம்பிக்கு 491 எடுக்க நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி இதற்கே போனது.

491 என்பது வேலைத் திறமையைப் பாயிண்ட்ஸ் போட்டுப் பார்த்துக் கொடுக்கும், 2019 நவம்பரில் வந்த 5 வருட விசா. அதில் போனால் 'ரீஜனல்' எனப்படும் பகுதியில்தான் இருக்க வேண்டும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டால் மற்றதெல்லாம் ரீஜனல் கணக்குதான், பெர்த்தும் அடிலெய்டும்கூட. தம்பி இருப்பது சிட்னிக்குத் தெற்கே 80 கிலோமீட்டர் தள்ளி, வல்லங்காங்கில்.

சரி, கடிதம். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதியும் மட்டும்தான் இருக்கும். ஐ.டி. வேலையை மதிப்பிடும் ஏ.சி.எஸ்.ஸுக்கு அது போதாது. என்னென்ன வேலை செய்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முழுநேரமா என்பதெல்லாம் லெட்டர்ஹெட்டில் வேண்டும். தம்பியின் முதல் கம்பெனி ஹெச்.ஆர். "எங்க ஃபார்மேட் இதுதான்" என்று கையை விரித்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த பழைய டீம் லீடை ஒயிட்ஃபீல்டில் தேடிப் பிடித்து, இ-ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் டைப் செய்து, நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கினோம். அதோடு ஃபார்ம் 16, சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் சேர்த்தோம். இன்னொன்று, நம்ம இனிஷியல். டிகிரியில் "மு. செந்தில்", பாஸ்போர்ட்டில் "செந்தில் முருகேசன்" என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு அஃபிடவிட் இப்போதே போட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் அதற்காக ஓட வேண்டாம்.

இந்தக் கடிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏ.சி.எஸ். உங்கள் அனுபவத்தில் முதல் சில வருடங்களைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் கணக்கில் எடுக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து அதே துறையில் இருப்பவருக்குப் பொதுவாக 2 வருடம் போகும். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி.க்கு வந்தவருக்கு இன்னும் அதிகம். 8 வருட அனுபவம் 6 ஆகும்போது 15 பாயிண்ட் 10 ஆகிறது. தெரியாமல் 15 என்று போட்டு இன்வைட் (விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு) வாங்கிவிட்டால் விசாவே நிராகரிக்கப்படலாம், கட்டிய பணமும் திரும்பாது. ஏ.சி.எஸ். ரிசல்ட் கையில் வந்த பிறகு கணக்குப் போடுங்கள்: வயது 25 முதல் 32 வரை 30, பி.ஈ.க்கு 15, ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதியிலும் 8 எடுத்தால் 20, 7 என்றால் 10, கல்யாணம் ஆகாதவருக்கு 10, 491க்கான மாநில நாமினேஷனுக்கு (அங்குள்ள ஒரு மாநிலம் உங்களைப் பரிந்துரைப்பது) 15. நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்பு நடத்தும் சி.சி.எல். மொழித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், அதில் ஒரு 5. குறைந்தபட்சம் 65 என்பார்கள், ஆனால் ஐ.டி.க்காரர்கள் அதை நம்பி உட்கார முடியாது. ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸுக்குப் பதில் பி.டி.ஈ. ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்கள் கவனம், 2025 ஆகஸ்டில் அதன் வரம்புகள் மாறிவிட்டன, 20 பாயிண்டுக்கு 79 என்ற பழைய கணக்கு இப்போது எழுதுபவர்களுக்குச் செல்லாது.

அப்புறம் ஸ்கில்செலக்ட் என்ற ஆஸ்திரேலிய அரசின் இணையதளத்தில் ஈ.ஓ.ஐ., அதாவது விருப்பப் பதிவு, போட வேண்டும். ஜூலையில் தொடங்கும் நிதியாண்டுக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்கிறது, அதனால் போன வருடம் போனவர் சொன்னதை அப்படியே பின்பற்றாதீர்கள், அந்தந்த மாநிலத்தின் பக்கத்தைப் படியுங்கள். ரீஜனல் ஊரில் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) அல்லது குடியுரிமையோடு அக்காவோ சித்தப்பாவோ இருந்தால் அவர்களும் ஸ்பான்சர் செய்யலாம். ஏஜெண்டிடம் போனால் அவருடைய பதிவு எண்ணான எம்.ஏ.ஆர்.என். எண்ணைக் கேட்டு, ஆஸ்திரேலிய அரசின் பதிவேட்டில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். "விசா கேரண்டி" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்வைட் வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். பி.சி.சி. என்ற போலீஸ் சான்றிதழுக்கு லால்பாக் அல்லது மாரத்தஹள்ளி பாஸ்போர்ட் சேவா கேந்திரா, மெடிக்கலுக்கு ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் உள்ள டாக்டர்.

போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒன்றை நிதானமாகப் பேசுங்கள். குடியிருப்பது, வேலை, படிப்பு மூன்றுமே ரீஜனலில்தான் இருக்க வேண்டும். வல்லங்காங்கில் வீடு எடுத்துக்கொண்டு ரயிலேறி சிட்னி ஆபீசுக்குப் போய் வருவது விதிமீறல். தம்பிக்கு அங்கே முதல் சில மாதம் தன் துறையில் வேலை கிடைக்கவில்லை, ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் பழகிய நம்மூர்க்காரர்கள்தான் தைரியம் சொன்னார்கள். அதனால் கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

3 வருடம் முடிந்ததும் 191 என்ற அடுத்த விசா வழியாக பி.ஆர். அதற்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது, ஆனால் மூன்று நிதியாண்டுக்கான வரி மதிப்பீட்டு நோட்டீஸ் கேட்பார்கள். ஜூன் 30இல் வருடம் முடியும், அக்டோபர் 31க்குள் ரிட்டர்ன் போடுங்கள். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வாருங்கள்.