ஐம்பதுக்குப் பிறகும் பந்தயத்தில் பின்தங்காமலிருக்க

வாரத்தில் நான்கைந்து மணி நேரம்தான் சைக்கிளுக்குக் கிடைக்கிறது என்றால், அதை முழுக்கச் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரே நடுத்தர வேகத்தில் கழித்துவிடாதீர்கள். வயது ஏற ஏற, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் குறைகிறது. அதைத் தக்கவைப்பது மூச்சு முட்ட மிதிக்கும் சில நிமிடங்கள்தான்.

இதற்கு மவுண்ட் ஃபேபர் குன்றின் ஏற்றம் அருமையான இடம். பதினைந்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, இரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் ஏறுங்கள். நிதானமாக இறங்கி, மூச்சு சீரானதும் மீண்டும் ஏறுங்கள். நான்கு முறை போதும். கடைசி ஏற்றமும் முதல் ஏற்றத்தின் வேகத்திலேயே இருக்க வேண்டும். தொய்வு தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் இப்படிச் செய்யலாம், இடையில் குறைந்தது 48 மணி நேரம் விட்டு. இளைஞர்களைப் போல மறுநாளே தேறிவிட மாட்டோம், அதை மதித்தே ஆகவேண்டும். நெடுநாள் இடைவெளிக்குப் பின் தொடங்குபவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வெயிலுக்கு முன் கிளம்புவது நல்லது. ஆனால் சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழு மணி வரை இருட்டுதான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள்.

கால் வலுவுக்கு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) படிக்கட்டுகளே போதும். பந்தயத்தில் எதிர்காற்றை முன்னால் போகிறவர் வாங்கட்டும்; அவர் பின்சக்கரத்தை ஒட்டியே சென்று, மிச்சப்பட்ட சக்தியைக் கடைசிக் கிலோமீட்டரில் செலவிடுங்கள்.