சாணி வண்டு வானத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கிறதா? பட்டியடியிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு ஆய்வுகூடம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு மாட்டுப்பட்டி, ஓர் அடி அகலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, பழைய அட்டைப்பெட்டி, கொஞ்சம் ஈர்க்கு, கூட ஒரு ஆள். அவ்வளவுதான். சரியான வண்டைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை, அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

எல்லாச் சாணி வண்டும் சாணத்தை உருண்டையாக்கி உருட்டாது. பெரும்பாலானவை சாணத்துக்கு அடியிலேயே குழி தோண்டி அதற்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், சில சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும். நமக்கு வேண்டியது உருட்டுகிற சாதி. இலங்கையில் உள்ள கிம்னோப்ளூரஸ் வகை கறுப்பாக, விரல் நகம் அளவில் இருக்கும். சிசிபஸ் இன்னும் சின்னது, பின்னங்கால் மட்டும் சிலந்திக்கால் மாதிரி நீண்டிருக்கும். இரவில் லைட்டுக்கு வந்து விழுகிற கொம்பு வண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இது ஏன் உருட்டவில்லை என்று கேட்காதீர்கள், அது அநேகமாகத் தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு.

வவுணதீவு, வெல்லாவெளி, உன்னிச்சை என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் மேய்ச்சல் தரவைக்கும் பட்டிக்கும் குறைவில்லை. மழை பெய்து மண் ஈரமாக இருக்க, மறுநாள் காலையில் வெயில் எறித்தால் அதுதான் நல்ல நேரம். சாணம் புதிதாக இருக்க வேண்டும், மேலே காய்ந்து பொருக்குக் கட்டியது உதவாது. மாட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அண்மையில் மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாரா? ஐவர்மெக்டின் ஏற்றினால் அது சாணத்தோடு வெளியே வந்து வண்டின் புழுக்களைக் கொல்லும், வளர்ந்த வண்டின் புலனையும் நடையையும் கூட மந்தமாக்கும், அப்படிப்பட்ட வண்டை வைத்துத் திசை அளந்து என்ன பயன்? லகுகலைப் பக்கம் யானை லத்தியிலும் வண்டு வரும்தான், ஆனால் லத்தி புதிது என்றால் யானையும் தூரத்தில் இல்லை என்று அர்த்தம். மாட்டுச் சாணமே போதும்.

இனி வண்டு செய்வதைக் கவனியுங்கள். உருண்டையைப் பிடித்ததும் அதன் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றும். அப்புறம் இறங்கி, தலை கீழே, பின்னங்கால் உருண்டையில், பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு நேர்கோட்டில் போகும். அதற்கு வீடு எதுவும் இல்லை. மற்ற வண்டுகள் உருண்டையைப் பறிக்க முன் சாணத்தை விட்டு விலகிப் போய்ப் புதைக்க வேண்டும், வளைந்து வளைந்து போனால் திரும்பவும் அந்தக் கூட்டத்துக்குள்தான் வந்து விழும். மேலே ஏறிச் சுற்றும் அந்த நேரத்தில் வானத்தை ஒரு படம் மாதிரி மனதில் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. உருட்டிப் போகும்போது வழியில் ஒரு சின்னத் தடியைக் குறுக்கே போட்டுப் பாருங்கள், குழம்பினால் மறுபடி மேலே ஏறிச் சுற்றும்.

சோதனைக்குப் புல் இல்லாத மட்டமான மணலில் ஒன்றரை மீற்றர் ஆரத்தில் ஒரு வட்டம் கீறுங்கள். உருட்டுகிற வண்டை உருண்டையோடு சேர்த்து எடுத்து நடுவில் வையுங்கள், அது வட்டத்தைத் தாண்டுகிற இடத்தில் ஒரு ஈர்க்கைக் குத்துங்கள். அதே வண்டை அதே உருண்டையோடு மறுபடி நடுவில் வைத்தால் கிட்டத்தட்ட அதே பக்கமாகத்தான் போக வேண்டும். உருண்டையை மாற்றாதீர்கள், புதிய உருண்டை என்றால் வண்டு புதிய திசை எடுக்கும், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

அடுத்தது கண்ணாடி. ஒருவர் அட்டையால் வண்டின் மேல் வெயில் படாமல் மறைக்க வேண்டும், மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று கண்ணாடியால் சூரியனை வண்டின் மேல் அடிக்க வேண்டும், வண்டு நகர நகர வெளிச்சமும் கூடவே நகர வேண்டும். தென்னாபிரிக்காவில் இப்படிச் செய்தபோது வண்டுகள் திசையைத் திருப்பிக்கொண்டன. இங்கேயும் திரும்பினால் நீங்கள் பிடித்த வண்டு சூரியனைப் பார்த்துத்தான் போகிறது. திரும்பாமல் தடுமாறினால் உடனே தோல்வி என்று முடிவு கட்ட வேண்டாம், நீல வானத்தில் சூரியனைச் சுற்றி ஒளி முனைவாக்கம் அடைந்து, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே பக்கமாக அதிர்ந்து, ஒரு கோலமாகப் பரவியிருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத அதுவும் வண்டுக்குத் தெரியும், கண்ணாடி அதை மாற்றுவதில்லை. போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் இருந்தால் சூரியனுக்குப் பக்கவாட்டில் உள்ள வானத்தைப் பார்த்தபடி அதைத் திருப்பிப் பாருங்கள், வானம் இருண்டு இருண்டு வெளுக்கும். சூரியனை நேரே பார்க்க வேண்டாம், கண்ணாடியில் தெரியும் சூரியனையும்தான்.

பலர் நடுப்பகலில் போய் ஏமாறுவார்கள். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் அது எந்தப் பக்கம் என்று வண்டுக்கு எப்படித் தெரியும்? 2019இல் வெளிவந்த ஆய்வில், சூரியன் சுமார் 75 பாகைக்கு மேலே ஏறியதும் வண்டுகள் காற்றை வைத்துத் திசை பிடித்தன, காற்றாடி வைத்துக் காற்றை மாற்றியதும் அவையும் மாறின. நமது பக்கம் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், மற்ற மாதங்களிலும் பல நாட்கள் மிக உயரத்தில்தான். அதனால் சூரியச் சோதனையைக் காலை எட்டு, ஒன்பது மணிக்கு முடித்துவிடுங்கள். நண்பகல் சோதனை வேண்டுமென்றால் கச்சான் காற்று வீசுகிற நாளில் அட்டையைக் காற்றுக்குக் குறுக்கே பிடித்துப் பாருங்கள், எனக்கு இதுதான் கண்ணாடியை விடச் சுவாரசியமானது.

இரவுக் கதை பெரிது, ஆனால் அதைச் செய்தது ஆப்பிரிக்க வண்டுகள். நிலா வெளிச்சத்தின் முனைவாக்கத்தைக் கொண்டு ஒரு வகை திசை பிடிப்பது 2003இல் தெரிந்தது. 2013இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரீ டாக்கேயும் கூட்டாளிகளும் ஸ்கராபியஸ் சத்தைரஸ் என்ற வண்டின் தலையில் சின்ன அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தார்கள், வழி வளைந்து குழம்பியது. ஒளி புகும் தொப்பி போட்டால் நேராகப் போனது. பிறகு ஜொஹன்னஸ்பேர்க் கோளரங்கத்தில் பால்வீதியை மட்டும் காட்டினார்கள், அப்போதும் நேராகப் போனது. அதே ஆண்டு இதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது, சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுப்பது. நமது உருட்டிகள் பகலில்தான் வேலை செய்யும் என்பதால் இதை இங்கே செய்து பார்க்க முயல வேண்டாம், புடையன் பாம்பு கிடக்கிற புல்லுக்குள் டோர்ச் அடித்துத் திரிவதில் லாபமில்லை.

தொப்பி ஒட்டும் வேலையும் வேண்டாம், நம் வண்டு சின்னது, பசை காலில் பட்டால் அதற்கு ஆபத்து. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், முகில், காற்று வீசும் பக்கம், போன திசை நான்கையும் எழுதுங்கள். ஒரு வண்டின் ஓட்டம் ஒன்றுமில்லை, பல வண்டுகள் வேண்டும். முடிந்ததும் உருண்டையை அதனிடமே விட்டுவிடுங்கள், அதற்குச் சாப்பாடு அதுதான்.