வின்சன் சிகரத்தைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

‘அண்டார்டிகாவின் மிக உயர்ந்த சிகரம் வின்சன் மாசிஃப், 4,897 மீட்டர்.’ இப்படி எழுதினால் ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

மாசிஃப் என்பது சிகரமல்ல, பல சிகரங்கள் சேர்ந்த மலைத்திரள். வின்சன் மலைத்திரள் ஏறத்தாழ 21 கி.மீ. நீளமும் 13 கி.மீ. அகலமும் கொண்டது. அதன் மிக உயர்ந்த முனைதான் வின்சன் சிகரம். நெடுங்காலம் இரண்டும் ஒரே பெயரில் வழங்கிவந்தன. 2006-இல்தான் அமெரிக்காவின் அண்டார்டிகப் பெயர்க்குழு அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தது. கிளிஞ்ச், கார்பெட், ஷோனிங் என்று முதன்முதலில் ஏறிய 1966-ஆம் ஆண்டுக் குழுவினரின் பெயர் தாங்கிய சிகரங்களும் அதே திரளில் இருக்கின்றன. ஆகவே நீள அகலத்தை மலைத்திரளுக்கும் உயரத்தைச் சிகரத்துக்கும் கொடுங்கள்.

அடுத்தது உயரம். உச்சியில் யாரும் கால் வைக்கும் முன்பே, 1959-இல், கிடைத்த அளவு 5,140 மீட்டர். பிற்கால அளவீடு அதை 4,897 ஆகக் குறைத்தது. 2004-இல் ஜிபிஎஸ் கருவியை உச்சிக்கே கொண்டுபோய் அளந்தபோது 4,892 வந்தது. இன்று எழுத வேண்டியது இதுவே. பழைய எண்ணைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் தரும் மூல எண், பூமியின் வடிவாகக் கொள்ளும் கணித நீள்கோளத்திலிருந்து கணக்கிட்ட உயரம் என்பதையும் மறக்கக்கூடாது. கடல்மட்ட உயரமாக மாற்றாமல் அப்படியே எடுத்தால் பல மீட்டர் பிசகும்.

அதிகம் தடுமாறவைப்பது ஆயத்தொலைதான். சிகரம் இருப்பது தெற்கு 78 பாகை 31 நிமிடம் 32 விநாடி, மேற்கு 85 பாகை 37 நிமிடம். இதைத் தசமத்தில் 78.31 என்று எழுதிவிடுகிறார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 78.525, 85.617. 78.31 என்று போட்டால் புள்ளி ஏறத்தாழ 24 கி.மீ. வடக்கே தள்ளிப்போகும். தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி கட்டாயம். அட்சரேகையில் குறி விட்டுப்போனால் புள்ளி கனடாவின் வடகோடியில், எல்லெஸ்மியர் தீவுப் பக்கம் விழும். தீர்க்கரேகையில் விட்டுப்போனால் கிழக்கு அண்டார்டிகாவின் பனிப்பீடபூமிக்குப் போய்விடும். அங்கும் சுற்றிலும் பனிதான் என்பதால் படத்தைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது கடினம்.

வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தையும் இங்கே நம்பக்கூடாது. இந்த அட்சத்தில் நீளங்கள் சுமார் 5 மடங்கும், பரப்பு 25 மடங்கும் பெருத்துத் தெரியும். ஒரு பாகை தீர்க்கரேகை நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., இங்கே 22 கி.மீ. மட்டுமே. துருவத்தை நடுவில் வைத்து வரையும் துருவ ஸ்டீரியோகிராஃபிக் வரைபடமே பொருத்தம். ஆனால் அதில் ‘மேலே வடக்கு’ என்ற விதி செல்லாது. பூஜ்ஜிய தீர்க்கரேகை மேலே இருக்கும் படத்தில் வின்சன் இடப்பக்கம் அமையும். அங்கே வடக்கு என்றால் துருவத்திலிருந்து வெளியே, அதாவது இடப்புறம். வடவடமேற்கிலிருந்து தென்தென்கிழக்காக ஓடும், வின்சன் அமைந்த சென்டினல் மலைத்தொடரைக் கிழக்கு மேற்காக ஓடுவதாகப் பலர் எழுதுவது இந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

வரலாற்றைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். லிங்கன் எல்ஸ்வொர்த் 1935-இல் விமானத்திலிருந்து சென்டினல் தொடரைக் கண்டு பெயரிட்டார். வின்சனைக் கண்டறிந்தது அவரல்ல. அது 1958-இல் அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து தெரியவந்தது. சிகரத்துக்குப் பெயர் தந்த கார்ல் வின்சன் மலையேறியும் அல்ல, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர். ‘வின்சென்ட்’ என்று எழுதுவது வேறொரு பெயர். சிகரம் எரிமலையும் அல்ல. அந்தக் கண்டத்தின் உயர்ந்த எரிமலை 4,285 மீட்டர் உயரமுள்ள சிட்லி.

இடம் ‘எந்த நாட்டுக்கும் சேராதது’ என்று எழுதுவோரும் உண்டு. யாரும் உரிமை கோராத பகுதி மேற்கு 90 பாகைக்கு அப்பால்தான் தொடங்குகிறது. வின்சன், சிலி உரிமை கோரும் 53 முதல் 90 பாகைக்குள் வருகிறது. 1959-இல் கையெழுத்தான அண்டார்டிக ஒப்பந்தம் அந்தக் கோரிக்கையை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனவே ‘சிலி உரிமை கோரும் பகுதி’ என்பதே சரியான சொல். ‘சிலியின் சிகரம்’ என்று எழுதாதீர்கள்.