800 மீட்டருக்கு பீட்டா அலனின், ஆப்பசோடா, காஃபின்: எதை எப்போது, எவ்வளவு

800 மீட்டர் ஓட்டத்தில் கடைசி 200 மீட்டருக்குக் கால் எழும்பாமல் போவதற்குத் தசையில் அமிலத்தன்மை ஏறுவது ஒரு முக்கியக் காரணம். பீட்டா அலனின் (அமினோ அமில வகைத் துணைப்பொருள்) தசைக்குள்ளே கார்னோசின் என்ற பொருளைக் கூட்டி அந்த அமிலத்தைத் தாங்கும். ஆப்பசோடா வெளியே, ரத்தத்தில் அதைத் தாங்கும். இரண்டும் வேலை செய்யும் இடம் வேறு என்பதால்தான் சேர்த்து எடுப்பதில் பொருள் இருக்கிறது. கூடுதல் பலன் சிறியதுதான். பயிற்சியும் தூக்கமும் சரியில்லாதவர் இதில் காசு போட வேண்டாம். தசை வலுவுக்குப் பலர் எடுக்கும் கிரியேட்டின் பொடியை இங்கே விட்டுவிடலாம். அது ஏற்றும் ஒன்றிரண்டு கிலோ நீர்எடையை ஓட்டக்காரர்தான் சுமக்க வேண்டும்.

கணக்கு 60 கிலோ எடையுள்ளவருக்கு. பீட்டா அலனினைப் போட்டிக்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். தினம் 4 கிராம், ஒவ்வொரு கிராமாக நான்கு வேளை, சாப்பாட்டோடு. மொத்தமாக விழுங்கினால் முகமும் கையும் சுருசுருவென்று குத்தும். ஆபத்தில்லை, ஆனால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

சோடாவில்தான் அதிகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். கிலோவுக்கு 0.2 கிராம் வீதம் 12 கிராம். கரண்டியால் அளக்காதீர்கள், 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். வெறும் வயிற்றில் ஒரே மடக்காகக் குடித்தால் இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து வாயு கிளம்பும். வயிறு உப்பி, வாந்தியோ பேதியோ வந்து, ஓட வேண்டிய நேரத்தில் கழிப்பறையில் நிற்பீர்கள்.

மாலை 5 மணிக்கு ஓட்டம் என்றால் 2 மணிக்கு இட்லியும் சர்க்கரையும், இரண்டு வாழைப்பழம். 2.15 முதல் 3 மணி வரை கால் மணிக்கு ஒருமுறை 3 கிராம் சோடாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 4 மணிக்கு காஃபின் 180 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 3. அதற்கு மேல் கூட்டினால் வேகத்தைவிடப் படபடப்புதான் கூடும். காபியில் அளவு டம்ளருக்கு டம்ளர் மாறும், மாத்திரையே நம்பகம். ப்ரீ ஒர்க்அவுட் பொடியும் (பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடி) குடிப்பவர் அதன் லேபிளில் உள்ள காஃபினையும் கூட்டிப் பாருங்கள்.

எதையும் போட்டியன்று முதல்முறையாக எடுக்கக் கூடாது. சோடாவைப் பயிற்சி நாளில் 6 கிராமில் தொடங்குங்கள், அடுத்த வாரம் 12. அதுவும் காஃபின் இல்லாமல் தனியாக; சேர்த்துத் தொடங்கினால் வயிற்றைக் கலக்கியது எது என்று தெரியாது. 12 கிராம் சோடாவில் 3 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் தொடவே கூடாது.

காஃபின் 2004 முதல் விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் கலப்படப் பொடியில் ஊக்கமருந்து இருந்தால், தெரியாமல் குடித்தேன் என்பதால் மட்டும் தப்ப முடியாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (batch) சோதித்த முத்திரை உள்ளதையே வாங்கி, டப்பாவைத் தொகுதி எண்ணோடு வைத்திருங்கள்.

மறுநாள் காலை இறுதிச்சுற்று என்றால் மாலைத் தகுதிச்சுற்றுக்குக் காஃபினை விட்டுவிடுங்கள். 4 மணிக்குப் போட்டதில் ஏறக்குறைய பாதி இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும், தூக்கம் போய்விடும்.