கட்டுரையின் நடுவில் வாசகர் எழுந்து போகாமல் இருக்க

ஒரு கட்டுரையை நாம் கடைசி வரி வரை படிப்பது ஏன்? விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இன்னும் மிச்சம் இருப்பதால்தான். நடையும் சொல்லழகும் அதற்குப் பிறகு. பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி எழுதப்போவதாக வைத்துக்கொண்டு, இதைச் செய்து பார்ப்போம்.

முதல் படி: கேள்வியைத் தேடுங்கள்

தெரிந்த செய்திகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் வந்தால் நடுப்பகுதி திறந்து வழிவிட்டது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்தது. 46 நாளில் சீரானது.

இவற்றில் எது உங்களையே “எப்படி?” என்று கேட்க வைக்கிறது? எனக்குக் கடைசிச் செய்திதான். மற்றவை தகவல்கள்; இதில் மட்டும் கதை இருக்கிறது.

இரண்டாம் படி: அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்

“இந்தியாவில் பல பாலங்கள் உள்ளன. அவற்றுள் பாம்பன் பாலம் சிறப்பு வாய்ந்தது” என்று தொடங்குவது பள்ளிக்கூட முன்னுரைப் பழக்கம். அதைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“புயல் ஓய்ந்தபோது பாலத்தைத் தாங்கும் இரும்பு விட்டங்களான கர்டர்களில் 126 கடலுக்குள் கிடந்தன. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். வேலை முடிந்ததோ 46 நாளில்.”

மூன்றாம் படி: விடையைத் தவணையாகக் கொடுங்கள்

தொடக்கநிலை எழுத்தாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நல்ல தொடக்கம் எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு விடையைச் சொல்லி, அடுத்த கேள்வியை எழுப்ப வேண்டும். புதிதாகக் கர்டர்கள் செய்து கொண்டுவர நேரமில்லை. அப்படியானால் என்ன செய்தார்கள்? கடலில் விழுந்தவற்றையே மீட்டெடுத்தார்கள். அவ்வளவு கனமானவற்றை நீருக்குள் கண்டுபிடித்தது யார்? உள்ளூர் மீனவர்கள் உதவினார்கள். வேலையை முன்னின்று நடத்தியது யார்? முப்பத்திரண்டு வயது பொறியாளர் ஒருவர். அவர் பெயர் ஈ. ஸ்ரீதரன் என்பதையும், பின்னாளில் டெல்லி மெட்ரோவை உருவாக்கியவர் அவரே என்பதையும் முதல் பத்தியில் சொல்லிவிட்டால், பிற்பகுதிக்கு ஒன்றும் மிஞ்சாது.

பின்னணித் தகவலும் தேவைப்படும் இடத்தில் வரட்டும். ஐம்பது ஆண்டு பழைய பாலம் என்று சொல்லும் இடத்தில் 1914 தானாக வந்து அமரும்.

ஒரு வேண்டுகோள். அதே புயலில் தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் ஒன்று, உள்ளே இருந்தவர்களோடு கடலில் மூழ்கியது. அந்த மரணங்களை வாசகரை இழுக்கும் தூண்டிலாக்காதீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் நேராகச் சொல்லுங்கள். திகில் கூட்ட வேண்டாம்.

நான்காம் படி: விரலைக் கவனியுங்கள்

வீட்டில் ஒருவரிடம் கைப்பேசியில் கட்டுரையைக் கொடுத்துவிட்டு அருகில் உட்காருங்கள். எந்தப் பத்தியை அவர் விரல் வேகமாகத் தள்ளுகிறதோ, அதைக் குறித்துக்கொண்டு பிறகு சுருக்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். கருத்துக் கேட்டால் அன்பின் காரணமாக “நன்றாக இருக்கிறது” என்பார். விரல் அப்படிச் சொல்லாது.

ஐந்தாம் படி: நிறுத்துங்கள்

பாலத்தின்மேல் ரயில் மறுபடி ஓடியதும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ராமேசுவரத்தில் எங்கே தங்கலாம் என்பதை வேறொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.